முகம் பார்க்கும் தூரம்

தூத்துக்குடிக்காரன் ஒருவன் துறைமுகம் பார்க்கச் சென்னைக்குப் போனான் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் செய்தார்கள். கப்பல், கிரேன், உப்பளம், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, கன்டெய்னர் லாரி எல்லாம் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரியும். அதையெல்லாம் மறுபடி பார்ப்பதற்காக ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து ராயபுரம் வந்து சேர்ந்தேன்.

காரணம் என் மனைவி மாரி. அவள் ஒரு நிலக்கரிக் கப்பலில் செகண்ட் ஆபீசர். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. அதில் சேர்ந்து இருந்தது பாதிகூட இருக்காது. இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு கப்பல் எண்ணூருக்கு வருகிறது, கரையில் கட்டியதும் சில மணி நேரம் வெளியே வர அனுமதி கிடைக்கும் என்று சொல்லியிருந்தாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். போன்ல கேக்க மாட்டேன். மூஞ்சியப் பாத்துத்தான் கேக்கணும்."

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித்தருகிறவன். மூன்று நாள் விடுப்பு எழுதிக்கொடுத்து, அவளுக்குப் பிடித்த எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அப்படி என்ன கேட்கப்போகிறாள் என்று மதுரை தாண்டும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு தூங்கிவிட்டேன்.

ராயபுரத்தில் நான் தங்கிய லாட்ஜின் முதலாளி எங்கள் பக்கத்து உடன்குடிக்காரர். கீழே மளிகைக் கடை, மேலே அறைகள். என் பேச்சைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"யாரைப் பாக்க வந்திய?"

"சம்சாரத்தைப் பாக்க வந்தேன், அண்ணாச்சி."

"இங்கயா வேல பாக்காவ?"

"கப்பல்ல."

"சமையலா?"

"இல்ல. ஓட்டுதா."

அண்ணாச்சி பருப்பு எடை போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அப்ப நீங்க?"

"நான் கரையில நிப்பேன்."

அவர் எடைக்கல்லைக் கீழே வைத்தார். மின்விசிறி நன்றாக ஓடும் அறையின் சாவியைக் கொடுத்தார்.

குளித்துவிட்டு வெளியே வருவதற்குள் மாரியின் அழைப்பு வந்துவிட்டது. கப்பல் வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் கரையில் இடம் காலியில்லை, வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறோம் என்றாள். "இன்னைக்கு நடக்காது. நாளைக்கு இருக்கலாம். அதுவரைக்கும் ஊரைச் சுத்திப் பாருங்க."

அப்படித்தான் நான் சுற்றுலாப் பயணி ஆனேன்.

முதலில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது என்று பாடம் நடத்தியவர்கள் உண்டு. கட்டடம் என்னவோ கம்பீரம்தான். ஒரு ராஜா வந்து இறங்கப்போகிறார் என்று எதிர்பார்த்துக் கட்டிய மாதிரி உயரமான தூண்கள். தூணுக்கடியில் ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மின்சார ரயில்கள் வந்து, அரை நிமிடம் நின்று, போய்க்கொண்டிருந்தன. இறங்கியவர்களில் யாரும் கட்டடத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மட்டும் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். காய்கறிப் பையோடு போன ஒரு பெண்மணி நின்று கவலையோடு பார்த்தார்.

"இன்னாபா தேடற? டிக்கெட் குடுக்கற எடம் அந்தாண்ட கீது."

"இல்லம்மா, கட்டடத்தைப் பாக்கேன்."

"இத்தயா?" அவரும் ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். "நல்லாத்தான் கீது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிற்பகல், படகோட்டிகள் தங்கள் கைக்காசு போட்டுக் கட்டிய பழைய தேவாலயத்துக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பனிமய மாதா கோயில் அளவுக்குப் பெரிதில்லை. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் எழுந்திருக்க மனமில்லாமல் வெகுநேரம் இருந்துவிட்டேன். கண்ணை மூடி ஜெபிப்பதாக நினைத்து, பெருக்க வந்த அம்மாள் என்னைச் சுற்றிலும் பெருக்கிவிட்டு என் காலடியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த தின்பண்டம். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தட்டில் வைக்கிறார்கள். எங்கள் ஊரில் பரோட்டாவை எண்ணெயில் பொரிக்கிறோம் என்பதால் எனக்கு யாரையும் குறை சொல்லும் தகுதி இல்லை. நன்றாகவே இருந்தது. கூடவே வாழைத்தண்டு போட்ட சூப் ஒரு கிண்ணம்.

"ஊருக்குப் புச்சா சார்? சூப்புக்குத் துட்டு கெடையாது. எத்தினி தபா வேணா கேளு," என்றார் கடைக்காரர். மூன்றாவது முறை கேட்டபோது அவர் முகம் லேசாக மாறியது.

இரண்டாம் நாள் திருவொற்றியூர். லாட்ஜ் வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் பெயர் பஷீர், தண்டையார்பேட்டைக்காரர். வெற்றிலை போட்ட வாயால் உலகத்தின் எல்லா விஷயங்களைப் பற்றியும் ஒரு முடிவு சொல்லக்கூடியவர். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கடற்கரைச் சாலையில் மாட்டிக்கொண்டோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வரிசையாக நின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. நடுவில் எங்கள் ஆட்டோ, இரும்புக் கிணற்றுக்குள் விழுந்த தவளை மாதிரி.

பஷீர் பாய் என்ஜினை அணைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். "பேஜாரு புட்ச்ச ரோடு சார் இது. இனிமே அவனா நவுந்தாதான் நாம நவுர முடியும். ஊட்டாண்ட பொண்டாட்டி கிட்ட கோச்சிகினு வந்தவன்லாம் இந்த ரோட்ல ஓட்டணும். திரும்பி ஊட்டுக்குப் போறதுக்குள்ள கோவம் போயிடும்."

வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. கருங்கல் தடுப்புக்கு அப்பால் கடல். கடலில் தூரத்தில் கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. மாரியைக் கூப்பிட்டேன்.

"எங்க நிக்கிய?" என்றாள்.

"திருவொத்தியூர் போற ரோட்ல நிக்கேன். கப்பல் தெரியுது. உன்னோடது எது?"

"கறுப்பு ஒடம்பு. பின்னால வெள்ளக் கட்டடம்."

"எல்லாக் கப்பலும் கறுப்பு ஒடம்பு, பின்னால வெள்ளக் கட்டடம்."

சிரித்தாள். இடம் இன்னும் காலியாகவில்லை, நாளைக் காலையில் தெரியும் என்றாள். அந்தக் கேள்வி என்ன என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "நேர்லன்னு சொன்னேன்ல," என்று வைத்துவிட்டாள்.

பேச்சை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த பஷீர் பாய் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "கப்பல்ல கீறது உன் சம்சாரமா சார்?" ஆமாம் என்றேன். கடல் பக்கம் கையைக் காட்டினார். "உன்னாண்ட சண்டை கிண்டை போட்டா எங்க சார் போவ நீ? அது கடலுக்குப் பூடும். நீ எங்க போவ?"

இதை நான் யோசித்ததில்லை. பதிலுக்கு மக்ரூன் டப்பாவைத் திறந்து நீட்டினேன். வெயிலில் அது பிசுபிசுக்கத் தொடங்கியிருந்தது. லாரி வரிசை நகர்வதற்குள் பாதி டப்பா காலி.

திருவொற்றியூர்க் கோயிலுக்குள் நுழைந்ததும் ஊரின் இரைச்சல் அடங்கிவிடுகிறது. இங்கே மூலவருக்கு வருடம் முழுக்கக் கவசம் சாத்தியிருக்கிறார்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் எடுப்பார்களாம். நான் பார்த்தது கவசத்தை. "நெஜ சாமியப் பாக்கணும்னா அப்போ வா," என்றார் வாசலில் பூ விற்றவர். கூட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அன்னிக்கு நீ சாமியப் பாக்க முடியாது. முன்னாடி நிக்கறவன் முதுகத்தான் பாப்ப," என்றார்.

பிராகாரத்தில் ஒரு மகிழ மரம். அதற்கு ஒரு கதை உண்டு. நாயன்மார்களில் ஒருவர் இந்த ஊர்ப் பெண்ணை மணந்துகொண்டபோது, உன்னைப் பிரிந்து ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று இந்த மரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு போனார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் தெரியாமல் போயின. மரத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி நின்றது. தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் காயவில்லை.

"சத்தியம் பண்ணு," என்றாள் அந்தப் பெண்.

"இன்னான்னு?"

"இனிமே தண்ணி போட மாட்டேன்னு."

பையன் மரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "கோயில்ல வச்சி பொய் சொல்லச் சொல்றியே, இது உனக்கே ஞாயமா கீதா?"

அவள் அவன் முதுகில் அடித்தாள், இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சத்தியம் கேட்டதில்லை. கல்யாணம் பேசும்போதே மாரி சொல்லிவிட்டாள்: "நான் கடல்ல இருப்பேன். அது ஒத்து வரும்னா மேல பேசுவோம்." ஒத்து வரும் என்று சொன்னேன். ஒவ்வொரு தடவை அவள் பெட்டி கட்டும்போதும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் எண்ணூருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். கப்பல் கரைக்கு வந்தால் பக்கத்தில் இருக்கலாம். பஷீர் பாய் கூப்பிடாமலேயே வாசலில் நின்றார். "இன்னா ஆச்சுன்னு தெரியாம எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல சார்."

எண்ணூரில் எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. வானத்தில் நிற்கும் புகைபோக்கிகள், குழாய்கள், ஓரத்தில் வெள்ளையாக உப்பு, கொசஸ்தலை ஆற்றங்கரையில் சாம்பல் படிந்து சிமென்ட் நிறமாகிவிட்ட சேறு. காற்றில் லேசாக அம்மோனியா. வகுப்பில் மாணவர்களுக்கு முகர்ந்து பார்க்கக் கொடுக்கும் அளவுக்குத்தான். ஆனால் இங்கே யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. பாலத்தின் மேல் நின்று ஆட்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீனும் விழுந்துகொண்டிருந்தது.

டீக்கடையில் பன்னை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாரி அழைத்தாள். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"ஆர்டர் மாறிட்டுங்க. இங்க சரக்கு இறக்கல்ல. வடக்க வேற துறைமுகத்துக்குப் போகச் சொல்லிட்டாவ. சாயங்காலம் நங்கூரம் தூக்கிருவோம்."

"அப்ப?"

"அப்ப ஒண்ணுமில்ல. நீங்க ஊருக்குக் கிளம்புங்க. அங்க வந்து நிக்கண்டாம், எப்ப கட்டுவாவன்னு தெரியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "சரியா?"

"சரி," என்றேன்.

போனைப் பையில் வைத்துவிட்டு மிச்சப் பன்னைத் தின்றேன். பஷீர் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார், நான் சொன்னேன். டீ கிளாஸை டக்கென்று வைத்தார்.

"கப்பலு இங்க வரலன்னா இன்னா சார்? நாம அங்க போலாம்."

"எப்படி?"

"ஏறு ஜல்தியா."

முகத்துவாரக்குப்பத்தில் அவருக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு மீன்கூடைகளை மார்க்கெட்டுக்கு ஏற்றிச் செல்வது இவர் ஆட்டோதான். வீட்டுக்காரி கன்னியம்மா நெத்திலியை உலர்த்திக்கொண்டிருந்தார். புருஷன் தேசப்பன் ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பஷீர் பாய் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, கன்னியம்மாவின் கை மெல்ல நின்றது.

"இரு, இரு. யாரு கப்பல்ல கீறது?"

"சாரோட சம்சாரம்."

"யாரு கரையில நிக்கறது?"

"சாரு."

கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பொம்பள கடலுக்குப் போயி ஆம்பள கரையில நிக்கறத இன்னிக்கித்தான் பாக்கறேன். ஏ தேசா, கேட்டியா?"

தேசப்பன் சிரிக்கவில்லை. முகத்துவாரம் மண் தூர்ந்துபோய் அலை கண்டபடி அடிக்கிறது, கடல் பழகாத ஆளை ஏற்றிப் போக முடியாது, கப்பலுக்குக் கிட்டப் போனால் பிடித்துவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்றார். எல்லாமே நியாயம்தான். நான் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மிச்ச மக்ரூன் டப்பாவைக் கன்னியம்மாவிடம் நீட்டினேன். கப்பலுக்கு எடுத்துப் போவதற்கு வழியில்லை, நீங்களாவது சாப்பிடுங்கள் என்றேன்.

அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "சம்சாரத்துக்கா வாங்கியாந்த?"

தலையாட்டினேன்.

"தேசா, எந்திரி," என்றார். "நீ கடலுக்குப் போறப்போ எத்தினி தபா நான் இந்த மண்ணுல உக்காந்துகினு இருந்துகீறேன்? பொயலு வந்தப்போ மூணு நாளு உக்காந்துகினு இருந்தேன். உனக்குத் தெரியுமா அது எப்படி இருக்கும்னு? இந்த மன்சனுக்குத் தெரியும். இட்டுகினு போ. தூரமா நின்னு காட்டிட்டு இட்டாந்துடு."

தேசப்பன் வலையைக் கீழே வைத்தார்.

"டீசல் மட்டும் போட்டுடு சார்," என்றார் என்னிடம்.

மாரிக்குத் தகவல் சொன்னேன். "கோட்டியா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று கத்தினாள். பிறகு மெதுவாக, "பன்னெண்டு மணிக்கு மேல என் வாட்ச்சு, என் முறைதான். மேல ப்ரிட்ஜுல, கப்பல் ஓட்டுத எடத்துல நிப்பேன். கேப்டன்கிட்டக் கேக்கேன்," என்றாள்.

பஷீர் பாய்க்குத் தண்ணீர் என்றால் பயமாம். கரையிலிருந்தே கையாட்டினார். தேசப்பன் என்னைப் படகின் நடுவில் உட்காரவைத்து, மூடி இறுக்கிய காலி கேன் ஒன்றைக் கையில் கொடுத்தார். "இத்தக் கட்டிப் புட்ச்சிக்க. நீ வுயுந்தாலும் இது மெதக்கும். நீயும் கூட மெதப்ப."

முகத்துவாரத்தைத் தாண்டியதை நான் விவரிக்கப்போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் எனக்கே தெரியாது. படகு ஏறியது, விழுந்தது, முகத்தில் தண்ணீர் அறைந்தது. அலைகள் அடங்கிய பிறகு கண்ணைத் திறந்தேன். அடுத்ததாக வாந்தி எடுத்தேன். டீ, பன், முந்தின நாள் சாப்பிட்டவை எல்லாம் போயின. கப்பலோட்டியின் புருஷன் என்ற பெருமையும் அதோடு போயிற்று. தேசப்பன் வேறு பக்கம் பார்த்து மரியாதை காட்டினார்.

கரையிலிருந்து பார்த்தபோது விரல் நீளம் தெரிந்த கப்பல், கிட்டே போகப்போக ஒரு தெரு அளவு நீண்டது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கட்டடம், துருவின் கோடுகள். தேசப்பன் என்ஜினை அணைத்தார். "இதுக்கு மேல போவக் கூடாது. இங்கயே பேசிக்க."

போன் அடித்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"வந்துட்டேன் மாரி."

"தெரியுது. நான் ப்ரிட்ஜுக்கு வெளிய, ஓரத்துல நிக்கேன். தெரியுதா?"

கட்டடத்தின் உச்சியில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த மேடையில், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு புள்ளிகள்.

"ரெண்டு பேரு நிக்காவ."

"ஒருத்தன் கேடட், வேல பழக வந்த பையன். உயரமா இருப்பான்."

"ரெண்டும் ஒரே உயரமாத்தான் தெரியுது."

"இருங்க, உக்காந்து எந்திரிக்கேன்."

இடப்பக்கப் புள்ளி மறைந்தது. மறுபடி முளைத்தது. நான் கேனை விட்டுவிட்டுக் கையை உயர்த்தினேன். புள்ளியும் ஏதோ செய்தது, கையை ஆட்டியிருக்க வேண்டும்.

"எனக்கு உங்களை நல்லாத் தெரியுது," என்றாள். "பைனாகுலர் வச்சிருக்கேன். சவரம் பண்ணலியா? மடியில என்ன கேனு?"

"அது எனக்கு உயிர்காக்கும் படகு."

சிரிப்பு கேட்டது. பிறகு நின்றது. "கேப்டன் கொஞ்ச நேரந்தான் தந்திருக்காரு. கேட்டுரட்டுமா?"

"கேளு."

சீஃப் ஆபீசருக்கு உடம்பு சரியில்லாமல் போய், போன துறைமுகத்திலேயே இறங்கி ஊருக்குப் போய்விட்டாராம். அவர் இடத்தில் இவளை ஏறச் சொல்கிறது கம்பெனி. பரீட்சை எல்லாம் முடித்துவிட்டு இவள் காத்திருந்த பதவி. ஆனால் அடுத்த மாதம் வீட்டுக்கு வருவதாக இருந்தது இல்லாமல் போகும். இன்னும் ஆறு மாதம் கப்பலில். இன்றைக்கே பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க சொல்லுங்க," என்றாள்.

"இதுல என்ன இருக்கு? நல்ல விசயந்தான. எடுத்துக்கோ."

இடப்பக்கப் புள்ளி மேடையின் விளிம்புக்கு வந்தது.

"உங்க மூஞ்சி அப்படிச் சொல்லல்லியே," என்றாள்.

"இப்பத்தான் வாந்தி எடுத்தேன். மூஞ்சி வேற எப்படி இருக்கும்?"

"வாந்தி எடுத்த மூஞ்சி எனக்குத் தெரியும். புதுசா வார பயலுவ எல்லாரையும் பாக்கேன். இது அது இல்ல."

படகு மெல்ல உருண்டது. தேசப்பன் என்ஜினின் ஏதோ ஒரு திருகாணியை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். எனக்கு அந்தப் புள்ளியில் ஒரு கண்ணோ மூக்கோ தெரியவில்லை. ஆனால் அது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடரி வரைக்கும் தெரிந்தது. திரும்பிக்கொள்ளவும் இடமில்லை.

"எனக்குப் பிடிக்கல்ல மாரி," என்றேன். "ஸ்கூல் விட்டு வந்து கதவத் தொறந்தா காலையில வச்ச டம்ளரு வச்ச இடத்துலயே இருக்கு. அத எடுக்கக் கூடப் பிடிக்கல்ல. அடுத்த மாசம் வந்துருவன்னு நினைச்சு நாளை ஓட்டிட்டு இருந்தேன். இன்னும் ஆறு மாசம்னா பிடிக்கல்லதான். ஆனா நீ இதுக்கு எப்படிப் படிச்சன்னு எனக்குத் தெரியும். எனக்காக வேண்டாம்னு சொல்லிட்டு நீ வீட்டுக்கு வந்தா, அது இதவிடப் பிடிக்காது. அவ்வளவுதான்."

சொல்லி முடித்தேன். மடியிலிருந்த கேனை மறுபடி கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இதத்தான் பாக்கணும்னு நினைச்சேன்," என்றாள்.

"எத?"

"பிடிக்கல்லன்னு சொல்லும்போது நீங்க எப்படி இருப்பியன்னு. எப்ப பெட்டி கட்டுனாலும் சரி சரின்னுதான் சொல்லுவிய. ஒரு தடவ கூடப் பிடிக்கல்லன்னு சொன்னதில்ல. நான் போறது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லியோன்னு..." மூக்கை உறிஞ்சினாள். "பைனாகுலர் நனையுது, இருங்க."

நானும் முகத்தைத் துடைத்தேன். உப்புத் தண்ணீர் நிறைய அடித்திருந்தது.

"எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கோ."

கொஞ்ச நேரம் பார்த்தாள் போல. "இப்ப சரியா இருக்கு," என்றாள்.

பிறகு யாரோ ஆங்கிலத்தில் கூப்பிடும் சத்தம் கேட்டது. "போறேன். பாத்துப் போங்க, படகுல எந்திரிச்சு நிக்காதிய," என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. தேசப்பன் என்ஜினைக் கிளப்பினார். திரும்பும் வழியில் நான் கப்பலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததால் முகத்துவாரத்து அலை நேராக முகத்தில் அடித்தது. இந்த முறை கண்ணை மூடவில்லை.

கரையில் பஷீர் பாய் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். பயத்தை எப்படியோ விட்டிருக்கிறார். படகைப் பிடித்து இழுத்தவர், "இன்னா சார், பாத்தியா? பேசினியா? கோவமா கீதா?" என்று மூச்சு விடாமல் கேட்டார். ஆறு மாதம் கழித்து வருகிறாள் என்றேன். "ஆறு மாசமா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

கன்னியம்மா சோறு ஆக்கி வைத்திருந்தார். சுடச்சுட மீன்குழம்பு, நெத்திலி வறுவல். எங்கள் ஊரில் தேங்காய் அரைத்து ஊற்றுவோம். இங்கே புளியும் மிளகாயும்தான், கண்ணில் தண்ணீர் வந்தது. காலி வயிற்றில் அது போய் விழுந்ததும் உலகம் நேராக நின்றது.

வெயில் சாயும் நேரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தேசப்பன் கடல் பக்கம் கைகாட்டினார். கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. முதலில் அகலமாகத் தெரிந்தது, பிறகு ஒடுங்கியது, பிறகு வெறும் வெள்ளைக் கட்டடம் மட்டும் வடக்கே பார்த்துப் போயிற்று.

கன்னியம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

"உன் சம்சாரம் மூஞ்சியப் பாத்தியா நைனா?"

"அவ என்னைப் பாத்துட்டா. எனக்கு ஒரு புள்ளிதான் தெரிஞ்சுது."

"ஒரே ஒரு புள்ளியா?"

"ரெண்டு. அதுல ஒண்ணு உக்காந்து எந்திரிச்சுது. அதான் அவ."

கன்னியம்மா கடலைப் பார்த்தார். கரண்டியைச் சட்டியில் போட்டார்.

"எந்தப் புள்ளின்னு தெரிஞ்சிச்சில்ல? போதும். துன்னு."